இரவு 10 மணி கூத்தும் இரவு 10 மணி ஊரடங்கும்: கொரோனா காலத்தில் காஞ்சிபுரம் கட்டைக்கூத்துக்கு என்ன நடந்தது?

2021 ஏப்ரல் 20. தமிழ்நாட்டில் இரவு ஊரடங்கு அமலுக்கு வந்த நாள். இரவு 10 மணி முதல் அதிகாலை 4 மணி வரை வெளியே வரக்கூடாது என்பது உத்தரவு. நம்மில் பலருக்கு அது பெரிய விஷயமாகவே தெரிந்திருக்காது. வொர்க் ஃப்ரம் ஹோம் முடித்துவிட்டு, ஓடிடியில் ஏதாவது பார்த்துவிட்டு, தூங்குகிற நேரம்தானே அது?

ஆனால் காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு தொழில் இருக்கிறது. அதன் டியூட்டி டைமே இரவு 10 மணியிலிருந்து விடியும் வரைதான். அதன் பெயர் கட்டைக்கூத்து.

சென்னையிலிருந்து பெங்களூருக்கு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பாலுசெட்டிசத்திரத்தைத் தாண்டாமல் போக முடியாது. அங்கே சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் திருப்புட்குழி. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான விஜயராகவப் பெருமாள் கோயில் இருக்கும் ஊர். புள் என்றால் பறவை. ராவணனோடு சண்டை போட்டு உயிர்விட்ட ஜடாயுவுக்கு ராமன் இறுதிச் சடங்கு செய்த இடம் இதுதான் என்கிறது தலபுராணம். இந்தக் கதையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வருவோம்.

இந்த ஊரை மையமாக வைத்து ஒரு வட்டம் போட்டால் காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை, செங்கல்பட்டு என்று நாலு மாவட்டங்கள் உள்ளே வரும். கட்டைக்கூத்தின் சொந்த ஊர் இந்த வட்டம்தான். பெருந்தொற்று காலத்தில் இங்கே நடந்தது என்ன? இன்று திரும்பிப் பார்ப்பது ஏன் முக்கியம்?

நேரமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக

• கூத்து சீசன் பங்குனி, சித்திரையில் சூடுபிடித்து ஆடி வரை போகும். 2020, 2021 என்று இரண்டு வருஷமும் ஊரடங்கு விழுந்தது சரியாக அந்த மாதங்களில்தான்.

• கூத்துக்கு டிக்கெட் கிடையாது. கோயில் திருவிழாவும் சாவுச் சடங்கும்தான் வருமான வழி. இரண்டிலும் கூட்டத்துக்குத் தடை வந்தது.

• போனது சம்பளம் மட்டும் இல்லை. ஒரு தலைமுறை மேடையில் நின்று கற்றுக்கொள்ள வேண்டிய நேரமும் போனது.

முதலில், கட்டைக்கூத்துன்னா என்ன?

நகரத்தில் நாம் 'தெருக்கூத்து' என்று சொல்வதும் இதுவும் நெருங்கிய சொந்தம். பாட்டு, வசனம், அடவு, இசை எல்லாம் கலந்த முழு இரவு நாடகம். நடிகரே பாட வேண்டும், அவரே ஆட வேண்டும், வசனமும் பேச வேண்டும். மேற்கத்திய நாடுகளில் ஓபரா என்று ஒன்று இருக்கிறதே, கதையைப் பாடியே சொல்வது? அதற்கு நம்மூரில் பதில் தேடினால் முதலில் இதைத்தான் காட்ட வேண்டும்.

'கட்டை' என்பது நடிகர்கள் அணியும் மரத்தாலான அணிகலன்கள். கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் மார்புக்கட்டை. கண்ணாடித் துண்டுகள் பதித்த இந்தக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு நிற்பவர்தான் துரியோதனன், கர்ணன், அர்ஜுனன் மாதிரியான ராஜ வேஷக்காரர்.

பெயரில் ஒரு அரசியலும் உண்டு. 'தெரு' என்ற முன்னொட்டு கலையைக் கீழிறக்கிப் பார்க்க வைக்கிறது என்பது காஞ்சிபுரம் பகுதிக் கலைஞர்களில் ஒரு பகுதியினரின் வாதம். அதனால் 'கட்டைக்கூத்து' என்ற பெயரையே முன்வைத்தார்கள். 1990-ல் கூத்துக் கலைஞர் பெ.ராஜகோபாலும், நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளரும் அவரது மனைவியுமான ஹன்னா டி புருயினும், மற்ற தொழில்முறைக் கலைஞர்களும் சேர்ந்து உருவாக்கிய அமைப்பின் பெயரும் கட்டைக்கூத்து சங்கம்தான். இன்னொரு பக்கம், செய்யாறு அருகே புரிசை கிராமத்தில் கண்ணப்பத் தம்பிரான் வழிவந்த குழு 'தெருக்கூத்து' என்ற பெயரிலேயே உலக மேடைகளுக்குப் போனது. எந்தப் பெயர் சரி என்று நாம் தீர்ப்பு சொல்ல வேண்டாம். கிராமத்து ஆட்களைக் கேட்டால் ரெண்டுமே சொல்ல மாட்டார்கள். "இன்னிக்கு நாடகம்" என்பார்கள், அவ்வளவுதான்.

ஒரு ராத்திரி எப்படி நடக்கும்?

ஒரு குழுவில் சுமார் 15 பேர் இருப்பார்கள். சாயங்காலம் வேனில் வந்து இறங்குவார்கள். ஊர்க்காரர்கள் சாப்பாடு போடுவார்கள். அப்புறம் ஒரு ஓரமாக உட்கார்ந்து, கையில் கண்ணாடியோடு அவரவர் முகத்துக்கு அவரவரே அரிதாரம் பூசிக்கொள்வார்கள். வேஷம் கட்டி முடிக்கவே மணிக்கணக்கில் ஆகும்.

மேளம் கட்டுவது அழைப்பு மணி மாதிரி. மிருதங்கம், டோலக், ஹார்மோனியம், தாளம், அதோடு முகவீணை. முகவீணை என்பது நாகஸ்வரத்தின் குட்டித் தம்பி மாதிரியான ஊதுகருவி. சின்ன சைஸ், ஆனால் சத்தம் பக்கத்து ஊர் வரை கேட்கும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள்.

முதலில் கட்டியங்காரன் வருவான். கோமாளியும் அவன்தான், கதை சொல்லியும் அவன்தான், ராஜாவைக் கலாய்ப்பவனும் அவன்தான். அப்புறம் ரெண்டு பேர் ஒரு திரையைப் பிடிக்க, அதன் பின்னால் நின்று பாடியபடி முதல் ராஜ வேஷம் அறிமுகமாகும். நடிகர் ஒரு வரி பாடினால், பின்னால் நிற்பவர்கள் அதை வாங்கித் திரும்பப் பாடுவார்கள். இதற்குப் பெயர் பின்பாட்டு. இப்படியே விடிய விடிய.

கதைகளில் பெரும்பகுதி மகாபாரதம். திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரதத் திருவிழாவில் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார், இரவில் அதே கதை கூத்தாக நடக்கும். திரௌபதி கல்யாணம், துகிலுரிதல், அர்ஜுனன் தபசு, கர்ண மோட்சம் என்று நாள் கணக்கில் போய், கடைசியில் பதினெட்டாம் போர். மறுநாள் காலை மைதானத்தில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் படுத்திருப்பான். அதுதான் படுகளம். திரௌபதி தன் சபதத்தை முடித்துக் கூந்தலை முடிவாள். சாயங்காலம் தீமிதி.

இதை வெறும் பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று ஊர் நினைப்பதில்லை. திருவிழாவின் சடங்கும் கூத்தும் ஒன்றுக்குள் ஒன்று. இதைப் புரிந்துகொண்டால்தான் ஊரடங்கு எங்கே அடித்தது என்பது புரியும்.

டிக்கெட் இல்லை. அப்போ சம்பளம் எங்கிருந்து வருது?

கூத்து பார்க்க யாரும் காசு கொடுத்து டிக்கெட் வாங்குவதில்லை. ஊர் பொதுவில் வரி வசூலித்து, அல்லது வேண்டுதல் வைத்த குடும்பம் செலவை ஏற்று, குழுவுக்கு வெற்றிலை பாக்கு வைத்துத் தேதி பேசுவார்கள். வருகிற பணம் வேன் வாடகை, மேளம், செட்டு செலவு போக நடிகர்களுக்குப் பிரியும். நடுராத்திரியில் நல்லா நடித்தவருக்கு யாராவது எழுந்து வந்து பணம் கொடுத்து, அது மைக்கில் அறிவிக்கப்படுவதும் உண்டு.

வெளியில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இருக்கிறது: முன்பணம். பல குழுக்களில் சீசன் தொடங்குவதற்கு முன்பே, குழு நடத்துபவர் நடிகர்களுக்கு ஒரு தொகையைக் கொடுத்து அந்த வருஷத்துக்கு ஒப்பந்தம் செய்துகொள்வார். நடிகர் அதை வீட்டுச் செலவுக்கோ, பழைய கடனுக்கோ கொடுத்துவிடுவார். பிறகு சீசன் முழுக்க ஆடி அதைக் கழிக்க வேண்டும். குழு நடத்துபவரும் அந்தப் பணத்தைப் பெரும்பாலும் வெளியில் புரட்டித்தான் கொண்டு வந்திருப்பார்.

ஐடி பாஷையில் சொன்னால், ஜாய்னிங் போனஸை வாங்கிச் செலவழித்தாச்சு. ஆனால் ஆபீஸ் திறக்கவே இல்லை. அந்த போனஸ் ஒரே நாளில் கடனாக மாறிவிட்டது.

2020: காலண்டரே காணாமல் போன வருஷம்

2020 மார்ச் 24 மாலையிலிருந்து தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. தமிழ் மாதக் கணக்கில் பார்த்தால் அது பங்குனி நடுப்பகுதி. அதாவது கூத்துக்காரர்களின் டைரி நிரம்பத் தொடங்கும் நேரம்.

ஏப்ரல் 14 வரை என்றார்கள். பிறகு மே 3, பிறகு மே 17, பிறகு மே 31. ஒவ்வொரு நீட்டிப்பும் நமக்கு ஒரு செய்தி, ஒரு மீம். கூத்துக் குழுவுக்கு ஒவ்வொரு நீட்டிப்பும் அடித்து நீக்கப்பட்ட தேதிகள். சித்திரை போனது, வைகாசி போனது. ஜூன் கடைசியிலிருந்து மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும் என்றானது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் முழு ஊரடங்கு. ஆடியும் அத்தோடு போச்சு.

இ-பாஸ் விஷயத்தில் ஒரு உள்ளூர்ச் சிக்கல் இருந்தது. 2019 நவம்பர் கடைசியில்தான் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டும் தனி மாவட்டங்கள் ஆயின. ஊரடங்குக்கு வெறும் நாலு மாதம் முன்பு! கூத்துக் குழு போய்வரும் ஊர்கள் பழையபடி அதே ஊர்கள்தான், நடுவில் புதுசாக எல்லைக்கோடுகள் மட்டும் வந்திருந்தன. திருப்புட்குழியிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போனாலே ராணிப்பேட்டை மாவட்டம். கல்யாணம், சாவு, அவசர சிகிச்சை என்றால் இ-பாஸ் கேட்கலாம். 'கூத்து ஆடப் போறோம்' என்பதற்கு அந்தப் படிவத்தில் இடம் ஏது?

ஜூலை 1-ல் கிராமப்புறங்களில் ஆண்டு வருமானம் 10,000 ரூபாய்க்குக் கீழே உள்ள சின்னக் கோயில்கள் திறக்கப்பட்டன. செப்டம்பர் 1-ல் பெரிய கோயில்களும். சாமி கும்பிடலாம். ஆனால் கூட்டம் கூடித் திருவிழா நடத்த முடியாது. கோயில் திறந்தும் கூத்துக்கு வேலை இல்லை.

வருஷக் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வு வந்தது. 2021 தொடக்கத்தில் சட்டமன்றத் தேர்தல் பிரசாரக் கூட்டங்கள் களைகட்டின. ஏப்ரல் 6-ல் வாக்குப்பதிவு முடிந்தது. ஏப்ரல் 10 முதல் திருவிழாக்களுக்கும் மதக் கூட்டங்களுக்கும் தடை. ஏப்ரல் 14 சித்திரை 1. ஏப்ரல் 20 முதல் இரவு ஊரடங்கு. மே 10 முதல் முழு ஊரடங்கு. இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். கூத்துக்காரர்களின் இரண்டாவது சீசன், தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

திறந்தவெளிதானே, ஏன் அனுமதிக்கல?

நியாயமான கேள்வி. கொரோனா மூடிய அறைகளில்தான் வேகமாகப் பரவும், கூத்து வெட்டவெளியில் நடப்பது. அப்புறம் என்ன?

ஆனால் பாட்டுக்கும் கொரோனாவுக்கும் இருந்த தொடர்பு அப்போது உலகத்தையே பயமுறுத்தியது. 2020 மார்ச் 10-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் ஒரு கோரஸ் குழு பாட்டு ஒத்திகைக்காகக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். அதில் 53 பேருக்குத் தொற்று உறுதியானது அல்லது இருந்திருக்கலாம் என்று கணிக்கப்பட்டது. இரண்டு பேர் இறந்தார்கள். உரக்கப் பாடும்போது வாயிலிருந்து நுண்துளிகள் அதிகமாக வெளியேறும் என்பதை மருத்துவ உலகம் இந்தச் சம்பவத்தை வைத்து நிறையப் பேசியது.

இப்போது கூத்து மேடையை யோசியுங்கள். நடிகர் தொண்டை கிழியப் பாடுகிறார். பின்னால் நாலைந்து பேர் நெருக்கி நின்று பின்பாட்டு பாடுகிறார்கள். ஒருவர் முகவீணை ஊதுகிறார். மாஸ்க் போட்டுக்கொண்டு இதில் எதையும் செய்ய முடியாது. அரிதாரத்தின் மேல் மாஸ்க்கும் நிற்காது. எதிரே பாயில் தோளோடு தோள் உரசியபடி குழந்தைகளும் வயசானவர்களும். மேடைக்கு மேலே கூரை இல்லை என்பதால் மட்டும் ஆபத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆகவே தடைக்கு மருத்துவக் காரணம் இருந்தது. ஆனால் அந்தத் தடையின் விலையை யார் கொடுத்தார்கள் என்பது தனிக் கேள்வி.

கர்ண மோட்சம் இல்லாத சாவுகள்

வட தமிழகத்தில் ஒருவர் இறந்தால், காரியத்தை ஒட்டி கர்ண மோட்சம் கூத்து வைக்கும் பழக்கம் உண்டு. திருவிழா சீசன் இல்லாத மாதங்களில் குழுக்களுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் இந்தச் சாவுக் கூத்துதான்.

கதை தெரிந்ததுதான். பிறப்பைச் சொல்லி உலகமே அவமானப்படுத்திய கர்ணன் கடைசிப் போருக்குக் கிளம்புகிறான். மனைவி பொன்னுருவியிடம் விடைபெறுகிறான். களத்தில் விழுகிறான். உயிர் பிரியும் நேரத்திலும், மாறுவேஷத்தில் வந்து கை ஏந்தும் கிருஷ்ணனுக்குத் தான் செய்த புண்ணியம் அத்தனையையும் தானம் கொடுக்கிறான். செத்த பிறகுதான் குந்தி அவனை மகன் என்று ஊரறிய மடியில் போட்டு அழுகிறாள்.

குந்தி அழும்போது அந்த வீட்டுப் பெண்களும் அழுவார்கள். கர்ணனுக்காகவா, போன வாரம் போன அப்பாவுக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. துக்கத்தை அடக்கி வைத்திருப்பவர்களும் விடிவதற்குள் வாய்விட்டு அழுது முடித்திருப்பார்கள். சாவுக் கூத்தின் வேலையே அதுதான்.

2020-ல் இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. கொரோனாவில் இறந்தவர்களின் உடலைப் பல குடும்பங்கள் கிட்டப் போய்ப் பார்க்கக்கூட முடியவில்லை. 2021 மே மாதம், இரண்டாவது அலையில், தெரிந்தவர் யாராவது போன செய்தி வராத நாளே இல்லை என்ற நிலை பல குடும்பங்களுக்கு இருந்தது. ஆனால் ஊர் கூடி அழ வழியில்லை. கூத்து இல்லை.

இப்போது திருப்புட்குழிக்குத் திரும்புவோம். செத்துப்போன ஒரு பறவைக்குக்கூட முறையாகக் காரியம் செய்யாமல் ராமன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை என்று தன் பெயரிலேயே எழுதி வைத்திருக்கும் ஊர் அது. அந்த மண்ணைச் சுற்றி, சாவு அதிகமாக இருந்த காலத்தில்தான் சாவுக்கான கூத்து நின்றுபோனது. கூத்துக்காரர்கள் வருமானத்தை இழந்தார்கள். ஊர், துக்கத்தை இறக்கி வைக்கும் இடத்தை இழந்தது. முதல் நஷ்டத்தைப் பற்றி அப்போது கொஞ்சமாவது பேசினோம். இரண்டாவதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஆன்லைன்ல பண்ணியிருக்கலாமே?

அந்தச் சமயத்தில் எல்லாரும் சொன்ன ஐடியா இது. பெரிய இடங்களில் அது நடக்கவும் செய்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா 2020 மார்ச் 12-ல் மூடப்பட்டது. நாலே நாளில், மார்ச் 16 முதல், தினமும் ஒரு பழைய ஓபராவின் பதிவை இலவசமாக ஆன்லைனில் ஒளிபரப்பத் தொடங்கியது. ஸ்பெயினின் பார்சிலோனாவில் லிசேயு ஓபரா அரங்கம் ஜூன் 22-ல் மறுபடி திறந்தபோது, 2,292 இருக்கைகளிலும் மனிதர்களுக்குப் பதில் செடித் தொட்டிகளை வைத்து அவற்றுக்குக் கச்சேரி நடத்தியது. வீடியோ உலகம் முழுக்க வைரல்.

பணக்கார அரங்கம் என்பதால் அங்கே எல்லாரும் சுகமாக இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். மெட்ரோபாலிட்டன் ஓபராவின் இசைக்கலைஞர்களும் கோரஸ் பாடகர்களும் 2020 ஏப்ரலிலிருந்து மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல்தான் இருந்தார்கள். ஆனால் நிறுவனத்துக்கு மூன்று விஷயங்கள் இருந்தன: சொந்தப் பதிவுகள், சந்தாதாரர் பட்டியல், நன்கொடையாளர்கள். அதனால் 2021 செப்டம்பர் 27-ல் மறுபடி திரையைத் தூக்க முடிந்தது.

கூத்துக் குழுவிடம் இதில் என்ன இருக்கிறது?

• பதிவுகள்: யூடியூபில் 'கர்ண மோட்சம் கூத்து' என்று தேடுங்கள். மணிக்கணக்கில் ஓடும் வீடியோக்கள் வரிசையாக வரும். ஆனால் பலவற்றைப் பதிவேற்றியது உள்ளூர் வீடியோக்காரர்கள் அல்லது சேனல் நடத்துபவர்கள். வியூஸ் அவர்களுக்குப் போகும், துரியோதனனுக்குப் போகாது.

• சந்தா: ஊர் வரிதான் சந்தா. திருவிழா நடந்தால்தான் வரி. திருவிழாவே இல்லையென்றால் யார் கொடுப்பார்கள்?

• லைவ்: எட்டு மணி நேர நிகழ்ச்சியை நல்ல கேமராவோடு ஒளிபரப்ப வேண்டும். பார்ப்பவர் கிராமத்தில், வீட்டில் இருக்கும் ஒரே போனில், டேட்டா தீரும்வரை பார்க்க வேண்டும். அந்த போனோ பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பில் மாட்டியிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேல், கூத்து ஒரு வேண்டுதல். தீமிதிக்கு முன்னால் ஊர் செய்ய வேண்டிய கடமை. அம்மனுக்கு நேர்ந்ததை ஸூமில் செலுத்த முடியாதே!

அப்போ உதவியே வரலையா?

வந்தது. 2020 ஏப்ரலில் அரிசி ரேஷன் அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாய். 2021 மே, ஜூனில் இரண்டு தவணையாக மொத்தம் 4,000 ரூபாய். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்குத் தனியாகவும் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. பாடகர் டி.எம்.கிருஷ்ணாவின் சுமனசா அறக்கட்டளை, வேலையிழந்த கலைஞர்களுக்காக நிதி திரட்டியது. இதே கிருஷ்ணா 2017-ல் கட்டைக்கூத்து சங்கத்தோடு சேர்ந்து கர்னாடக இசையையும் கூத்தையும் ஒரே மேடையில் கொண்டு வந்தவர்.

சிக்கல் எங்கே என்றால், வாரியத்தின் உதவி பதிவு செய்தவருக்குத்தான் போகும். சீசனுக்குச் சீசன் குழு மாறுபவர், மற்ற மாதங்களில் விவசாயக் கூலிக்கோ கட்டட வேலைக்கோ போகிறவர், தன்னைக் 'கலைஞர்' என்று காகிதத்தில் காட்டுவது சுலபமில்லை. இன்னொன்று, நிவாரணம் என்பது அரிசிக்கும் பருப்புக்கும் ஆகும். முன்பணக் கடனை அது அடைக்காது.

பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது

ராஜகோபால் பத்து வயதில் அப்பாவிடம் கற்றுக்கொண்டு மேடை ஏறியவர். கூத்துக்காக ஸ்கூல் படிப்பை விட வேண்டி வந்தது. தனக்கு நடந்தது அடுத்த தலைமுறைக்கு நடக்கக்கூடாது என்றுதான் 2002-ல், காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கப்பட்டது. தங்கிப் படிக்கும் பள்ளி. பாடப் புத்தகமும் உண்டு, அடவும் உண்டு. ரெண்டில் ஒன்றை விட வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றும் அங்கே நடந்தது. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கலையில் பெண் பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள். பாஞ்சாலி வேஷத்தைக்கூட ஆண்களே கட்டிய மேடையில், குருகுலத்தில் படித்த திலகவதி பழனி போன்ற பெண்கள் கட்டை கட்டி ராஜ வேஷத்தில் வந்து நின்றார்கள். ராத்திரி முழுக்க ஊர் ஊராகப் போகும் வேலையில் பெண்கள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2002-ல் தொடங்கிய குருகுலம் 18 வருஷம் நடந்து, 2020-ல் நிறைவடைந்தது. சங்கம் தொடர்கிறது, அங்கே படித்தவர்கள் ஆடுகிறார்கள். ஆனால் சின்னப் பிள்ளைகள் கூத்தும் படிப்பும் சேர்த்துக் கற்க ஒரு வளாகம் இல்லாமல் போனதும், இருந்த மேடைகள் ஓய்ந்ததும் ஒரே வருஷத்தில்.

இது ஏன் முக்கியம்? கூத்தைப் புத்தகம் பார்த்துக் கற்க முடியாது. முதலில் பின்பாட்டு பாட வேண்டும், சின்ன வேஷம் கட்ட வேண்டும், நடுராத்திரி தூக்கத்தில் வரி மறந்து திட்டு வாங்க வேண்டும். நூற்றுக்கணக்கான ராத்திரிகள் அப்படிப் போனால்தான் ஒருவர் கர்ணன் ஆக முடியும். 2020-ல் 17 வயதில் இருந்த ஒரு பையனுக்கு இரண்டு சீசன் ராத்திரிகள் இல்லாமல் போய்விட்டன. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் பக்கத்தில்தான். கம்பெனி பஸ் ஊருக்குள்ளேயே வரும். மாசம் பிறந்தால் சம்பளம். அவன் அந்த பஸ்ஸில் ஏறியிருந்தால் யார் குறை சொல்ல முடியும்?

இப்போ என்ன நிலைமை?

2022 ஜனவரியில் ஒமைக்ரான் அலையில் மறுபடி இரவு ஊரடங்கு வந்து, அந்த மாதக் கடைசியில் விலக்கப்பட்டது. அதற்குப் பிறகான சித்திரையில்தான் ஊர்கள் மூச்சு விட்டன. நின்றுபோன திருவிழாக்கள் மறுபடி நடந்தன. 2023 பொங்கலில் அரசு 'சென்னை சங்கமம்' விழாவை மறுபடி தொடங்கியது. நகரத்து மேடைகளில் கூத்துக்கும் இடம் கிடைக்கிறது.

நல்ல விஷயம்தான். ஆனால் நகர மேடையில் கிடைப்பது கொஞ்ச நேர ஸ்லாட். விடிய விடிய நடக்கும் கதையைச் சுருக்கி, கட்டியங்காரனின் கிண்டலை வெட்டி, ஆட்டத்தை மட்டும் காட்டுவது டிரெய்லர் மாதிரி. கூத்து உயிரோடு இருப்பது ஊர்த் திருவிழாவில்தான். அங்கே கூத்து வைப்பதா, அதே காசுக்கு ஆர்கெஸ்ட்ரா வைப்பதா என்ற விவாதம் பல ஊர்களில் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இதை விவாதிக்கும்போது, சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் மாதிரி ஆட்களின் வாக்குக்கும் மதிப்பு இருக்கிறது. ஏனென்றால் வரி கட்டுவதில் நாமும் உண்டு.

நாம என்ன செய்யலாம்?

1. உங்கள் ஊர்த் திருவிழாக் குழுவில் "இந்த வருஷம் கூத்து உண்டா?" என்று ஒரு மெசேஜ் போடுங்கள். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

2. வீட்டில் காரியம் வந்தால், பெரியவர்கள் கர்ண மோட்சம் வைக்கலாம் என்று சொன்னால், "எதுக்கு வேஸ்ட் செலவு" என்று சட்டென்று மறுக்காதீர்கள். பணத்தை எதற்குக் கொடுக்கிறோம் என்பது அந்த இரவு உங்களுக்கே தெரியும்.

3. யூடியூபில் பார்த்தால், குழுவே நடத்தும் சேனல் இருக்கிறதா என்று தேடி அதைப் பாருங்கள். வீடியோவில் குழுவின் பெயரும் போன் நம்பரும் ஓடினால், அதைப் பகிருங்கள். அவர்களுக்கு அதுதான் விசிட்டிங் கார்டு.

4. தெரிந்த கலைஞர் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் இருந்தால், படிவம் நிரப்ப உதவுங்கள். நமக்கு அரை மணி நேர வேலை. அடுத்த முறை ஏதாவது வந்தால் அவர் பெயர் பட்டியலில் இருக்கும்.

5. முக்கியமாக, ஒரு ராத்திரி முழுசாகப் போய்ப் பாருங்கள். பங்குனியிலிருந்து ஆடிக்குள் காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி பக்கம் எங்காவது பாரதம் நடந்துகொண்டுதான் இருக்கும். ஒரு பாயும் போர்வையும் போதும். திரும்பி வர பஸ் கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். கூத்து முடியும்போது விடிந்திருக்கும், முதல் பஸ் வந்திருக்கும்.